டிக்கெட் இல்லை, கேலரி இல்லை, மொத்தக் கூட்டம் 60 பேர்! வியாசர்பாடி பந்து ரசிகருடன் ஒரு ஞாயிறு

சென்னை:

வியாசர்பாடிக்கு நான் போவதெல்லாம் பெரும்பாலும் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால்தான். வெட்டு, குத்து, வழிப்பறி, கஞ்சா வேட்டை. மழைக்காலம் வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீர். இதை விட்டால் வேறு செய்திக்காக இந்தப் பக்கம் கால் வைத்தது கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதன்முறையாக பந்து பார்க்கப் போனேன். கூட்டிப் போனவர் 70 வயதுப் பெரியவர். பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடப்பட்டது. வேலை போனது. பந்துப் பைத்தியம் மட்டும் போகவில்லை!

பெரிய மேட்ச் ஒன்றும் இல்லை. சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடும் ஒரு டீம், லீக் தொடங்குமுன் பக்கத்துப் பேட்டை டீமுடன் ஆடிய பிராக்டிஸ் மேட்ச். டி.வி.யில் வராது. பேப்பரிலும் வராது. ஆனாலும் பெரியவர் முதல் நாள் ராத்திரி சரியாகத் தூங்கவில்லையாம்.

"பைனல் மேட்ச் யார் வேணா பார்ப்பான் தம்பி. பிராக்டிஸ் மேட்ச் பார்க்கிறவன்தான் ரசிகன்" என்றார்.

காலை 5 மணி

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடை. பொழுது இன்னும் விடியவில்லை. பெரியவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, மஞ்சள் கலர் பனியன், தோளில் ஒரு கட்டைப் பை.

"இன்னா தம்பி, லேட்டு? பசங்க இந்நேரம் வந்திருப்பானுங்க" என்றார். மணி 5-10.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்தார். எலுமிச்சம்பழம் பத்து. உப்பு, சர்க்கரைப் பொட்டலம். பஞ்சு, டிஞ்சர். கட்டுப் போட பழைய வேட்டிக் கிழிசல். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு. பூட்ஸ் வாய் பிளந்தால் தைக்க கோணி ஊசி, நைலான் நூல்.

"ஐயா, நீங்க டீம் ஆளா?"

"இல்ல தம்பி. நான் வெறும் ரசிகன். டீமுக்குன்னு ஆள் வெக்க காசு ஏது?"

"பேரைப் போடாதீங்க!"

நடந்தே போனோம். வழியில் ஒரு சுவரில் பந்து உதைக்கும் ஆளின் படம். வெளியூர்க்காரர்கள் இந்தப் பேட்டைக்கு 'மினி பிரேசில்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை வந்தால் பிரேசில் கொடி ஒரு பக்கம், அர்ஜென்டினா கொடி ஒரு பக்கம் தொங்கும்.

"பேரு வெச்சவன் வந்து ஒரு லைட்டு போட்டானா?" என்று கேட்டார் பெரியவர்.

மைதானத்தின் பேரை எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பேரைப் போட்டுடாதீங்க. பேப்பர்ல வந்தா 'ஓ, இங்க ஒரு காலி எடம் கீதா'ன்னு எவனாவது வந்து கேட்டு போட்டுடுவான்."

டீமின் பேரையும் போட வேண்டாம் என்றார் கோச். "லீக்குல எதிராளி உஷாராயிடுவான் சார்." அதனால் இந்தச் செய்தியில் பச்சைச் சட்டை டீம், நீலச் சட்டை டீம் என்று மட்டும் எழுதுகிறேன். பெரியவர் பச்சை.

முதல் பயிற்சி: கண்ணாடி பொறுக்குவது

மைதானத்தில் புல் பேருக்குக்கூட இல்லை. மண், பொடிக்கல். ஒரு கோல் போஸ்ட் இரும்பு. இன்னொன்று சவுக்குக் கட்டை. சட்டப்படி கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கட்டைக் கோல் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்து, "இன்னிக்கு சரியா நட்டிருக்கானுங்க" என்று திருப்திப்பட்டார் பெரியவர்.

பச்சைச் சட்டை பையன்கள் வரிசையாகக் குனிந்து நடந்தார்கள். ஏதோ பயிற்சி என்று நினைத்தேன். பயிற்சி இல்லை. ராத்திரி குடித்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் சில்லுகளைப் பொறுக்குகிறார்கள்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பியபோது ஒரு பக்கெட்டில் பாதி நிறைந்துவிட்டது.

"ஒரு சில்லு விட்டாலும் ஒருத்தன் முழங்கால் கிழியும். அதுக்குத்தான் டிஞ்சரு" என்றார் பெரியவர்.

அடுத்து பந்து. ஐந்தாம் நம்பர் பந்து 410 கிராமிலிருந்து 450 கிராம் வரை எடை இருக்கலாம். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். பெரியவருக்குத் தராசும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். "இன்னும் நாலு பம்பு அடி" என்றார். அடித்தார்கள்.

புள்ளி இல்லாத ஆட்டம்

இந்த மேட்சில் ஜெயித்தால் புள்ளி கிடையாது. தோற்றால் டீம் கீழே இறங்காது. பிறகு எதற்கு இந்தப் பாடு?

கோச் சொன்னார்: "லீக் மேட்சுல இத்தனை பேரைத்தான் மாத்தலாம்னு கணக்கு இருக்கு. இதுல ரெண்டு கோச்சும் பேசிக்கிட்டா எத்தனை பேரை வேணாலும் எறக்கலாம். புதுப் பையன் எப்படின்னு பார்க்க இதை விட்டா வழி இல்ல."

பச்சை டீமில் எல்லா இடத்துக்கும் ஆள் இருந்தது. ஒரே ஒரு இடம் காலி. லெஃப்ட் பேக். அதற்கு மூன்று பையன்களை வரச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாமவனைக் காணோம். பெரியவர் அடிக்கொரு தடவை தெரு முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

6-30-க்கு விசில் ஊதியது. ரெஃப்ரி ஒருவர்தான். கொடி பிடிக்க ஆள் இல்லை. வெளியில் உட்கார்ந்திருந்த இரண்டு மாற்று ஆட்களே கொடிக்குப் பதில் துண்டைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடினார்கள்.

கூட்டம் 60 பேர் இருக்கும். பாதிப் பேர் பல் தேய்த்துக்கொண்டே வந்தவர்கள். ஒரு அம்மா இட்லிக் கூடையை இறக்கி வைத்து வியாபாரத்தைத் தொடங்கினார். மதில் மேல் நாலைந்து சிறுவர்கள்.

"டேய், லெஃப்ட்ல உடுறா! லெஃப்ட்ல ஆளே இல்ல!"

"பந்தை வெச்சிக்கினு இன்னாடா பூஜையா பண்ற?"

12-வது நிமிடம் நீலச் சட்டை ஒரு கோல் போட்டது. பச்சையின் முதல் லெஃப்ட் பேக் சறுக்கி விழுந்துவிட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைப் பையின் காதை மட்டும் முறுக்கினார்.

ஆஃப்சைடு என்றால் என்ன?

எனக்கு கிரிக்கெட் தெரியும். பந்தில் ஆஃப்சைடு மட்டும் என்றைக்குமே புரிந்ததில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பெரியவர் நாலு எலுமிச்சம்பழத்தை மண்ணில் வைத்தார்.

"இது எதிராளியோட கோலி. இது அவன் பேக். இது நம்ம ஃபார்வர்டு. இது பாஸ் குடுக்கிற பையன், பந்து இவன் காலாண்ட கீது. இவன் கால்ல இருந்து பந்து கிளம்புற அந்த நிமிஷம், நம்ம ஃபார்வர்டு பந்தையும் தாண்டி, இந்தப் பேக்கையும் தாண்டி, கோலுக்குக் கிட்ட நின்னா ஆஃப்சைடு. பேக்குக்கு நேரா நின்னா இல்ல. நம்ம பாதி கிரவுண்டுல நின்னாலும் இல்ல. அவ்ளோதான்."

நாலு பழத்தில் இத்தனை வருடக் குழப்பம் தீர்ந்தது!

பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்ல பேக்குக்கு கால் மட்டும் போதாது. ஒரு அடி முன்னால வர்றதுக்கு நேரம் தெரியணும்."

120 ரூபாய் கணக்கு

35 நிமிடம் முடிந்து இடைவேளை. பெரியவர் பழத்தைப் பிழிந்து, உப்பு சர்க்கரை போட்டு, பக்கெட்டில் கலக்கினார். (கண்ணாடி பொறுக்கிய பக்கெட் அல்ல, இது வேறு!) இரண்டு டீமுக்கும் அதே பக்கெட்தான்.

பேச்சு மைதானங்கள் பக்கம் திரும்பியது. வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபர் கடைசியில், மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்து மைதானங்கள் ஒன்பதைத் தனியாரிடம் விட மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. ஆடுகிற ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்று பேச்சு. வியாசர்பாடி முல்லை நகர் மைதானமும் அந்த ஒன்பதில் ஒன்று. எதிர்ப்பு கிளம்பியது. சூட்டோடு சூடாக தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது.

"அன்னிக்கு ராத்திரி நான் கணக்குப் போட்டேன் தம்பி" என்றார் பெரியவர். "22 பேரு. ஆளுக்கு 120. ஒரு மணிக்கு 2 ஆயிரத்து 640 ரூபா. மேட்சு, வார்ம்-அப்பு எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம். 5 ஆயிரத்து 280. ஒரு பிராக்டிஸ் மேட்சுக்கு! இந்தப் பசங்க கிட்ட பூட்ஸுக்கே காசு இல்ல. ஒருத்தன் பூட்ஸை ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போடறானுங்க."

நின்று கேட்டுக்கொண்டிருந்த கோச்சும் சேர்ந்துகொண்டார். "தனபால் கணேஷ் எங்க இருந்து போனான்? இந்த வியாசர்பாடிதான். 2018 மார்ச்சுல நேரு ஸ்டேடியத்துல செமிஃபைனல். கோவா டீமை சென்னையின் 3-0-ன்னு அடிச்சது. அதுல ஒரு கோல் அவன் தலையால போட்டது. அதே வாரத்துல கப்பும் வந்துச்சு. நந்தகுமார் சேகரும் நம்ம சென்னைப் பையன்தான். 2023 ஆகஸ்டுல கல்கத்தா டெர்பியில, டுராண்ட் கப்பு மேட்சு, மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே கோல். போட்டவன் அவன். சின்ன வயசுல மணிக்கு 120 ரூபா கேட்டிருந்தா இவனுங்க எங்க ஆடியிருப்பானுங்க?"

பெரியவர் நேரு ஸ்டேடியத்துக்கும் போனவர்தான். 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டு நடந்தபோது, மில் ஷிப்ட் முடித்து நேராக ஸ்டேடியம் போனாராம். இந்தியா பந்தில் தங்கம் வாங்கியது. "அதுக்கு அடுத்த வருஷம் மில்லு மூடிட்டான். அந்த சந்தோஷத்துலதான் தாங்கினேன்னு வெச்சிக்கயேன்" என்று சிரித்தார்.

வந்தான் மூன்றாமவன்!

இரண்டாவது பாதி தொடங்கி ஐந்து நிமிடம். பச்சை ஒரு கோல் திருப்பிப் போட்டு 1-1. அந்த ஆரவாரத்தில் தெரு முனையில் ஒரு பையன் ஓடி வந்தான். வயது 19 இருக்கும். சட்டையெல்லாம் கோஸ் இலைத் துணுக்கு. கோயம்பேடு மார்க்கெட்டில் ராத்திரி லோடு இறக்கும் வேலை. லாரி லேட்டாம். தூங்கவே இல்லை.

"சாரி சார்" என்றான் கோச்சிடம். கோச் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பூட்ஸைக் கட்டு" என்றார். அவ்வளவுதான்.

அவன் உட்கார்ந்து கயிறு கட்டும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் எங்கேயோ பார்த்த முகமாகப் பட்டது.

"அண்ணே, நீங்க எங்க தெருவுக்கு வந்தீங்களே. எங்க அண்ணன் கேஸுக்கு."

ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வெட்டு வழக்கு. அவன் அண்ணன் புழலுக்குப் போனான். தெருப் பேரோடு நான்தான் செய்தி எழுதினேன்.

"தப்பா சொல்லலண்ணே. நடந்தது நடந்துச்சு. ஆனா பேப்பர்ல தெரு பேரு வந்ததுக்கு அப்புறம் மூணு எடத்துல வேலை கேட்டேன். எந்தத் தெருன்னு கேட்டுட்டு, இல்லன்னுட்டாங்க. மார்க்கெட்டுல மட்டும்தான் கேக்கல."

நான் என்ன பதில் சொல்வது? நோட்டை மூடினேன். அவன் உள்ளே ஓடிவிட்டான்.

அந்த 20 நிமிடம்

முதல் பந்தே அவனைத் தாண்டிப் போனது. இரண்டாவது பந்தைத் தவறான ஆளுக்குக் கொடுத்தான். மதில் மேலிருந்த சிறுவர்கள் 'ஓ'வென்று கத்தினார்கள். "தூக்கம் தம்பி, தூக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் பெரியவர்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பிடிபட்டது. ஒரு தடவை நீலச் சட்டை ஃபார்வர்டு இவன் பக்கமாகக் கோலைப் பார்த்து ஓடத் தயாராக நின்றான். நடுவிலிருந்து பாஸ் கிளம்பியது. அது கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னால் இவன் ஓர் அடி முன்னால் வந்துவிட்டான். துண்டு உயர்ந்தது. ஆஃப்சைடு!

"ஐயா, எலுமிச்சம்பழம்!" என்று கத்திவிட்டேன். பெரியவர் என் முதுகில் ஒன்று வைத்தார்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். கோபத்தில் இருந்த அந்த ஃபார்வர்டு, பந்து போன பிறகு இவன் கணுக்காலில் பூட்ஸோடு ஒரு உதை விட்டான். இவன் சுருண்டு விழுந்தான். மைதானமே நிசப்தம். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடி வந்தார்கள். மதில் மேலிருந்த ஒருவன் கீழே குதித்தான். இந்த மாதிரி இடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதித்தான் எனக்குச் சம்பளம்.

பையன் எழுந்தான். நொண்டிக்கொண்டே இரண்டு அடி நடந்தான். அவனை உதைத்தவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றான். பெரியவர் என் கையை இறுகப் பிடித்தார்.

"பந்தைக் குடு" என்றான்.

பந்தை வாங்கி மண்ணில் வைத்தான். பிரீ கிக் அடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அவ்வளவுதான். ரெஃப்ரி நீலச் சட்டைக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

பெரியவர் பஞ்சை எடுத்து டிஞ்சரில் நனைத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கை நடுங்கியது.

"இவன் அண்ணன் இருக்கானே, அவனும் இங்கதான் ஆடினான். இவனை விட நல்லா ஆடுவான். அவனால முடியாதது இந்த ஒண்ணுதான்" என்றார்.

ரெண்டு போட்டோ

மேட்ச் 2-2 என்று முடிந்தது. கடைசி கோல் யார் போட்டார்கள் என்பதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. என் கண் கோச் மேலேயே இருந்தது.

இரண்டு டீமும் கை கொடுத்துக்கொண்டார்கள். உதைத்தவனும் வந்து கை கொடுத்தான். இட்லிக்காரம்மாவிடம் கடன் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோச் மூன்று பையன்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். முதல் இரண்டு பேரிடம், "தொடர்ந்து வாங்கடா, ரிசர்வுல பார்க்கலாம்" என்றார்.

மூன்றாமவன் காலில் பெரியவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கோச் அங்கேயே வந்து நின்றார்.

"இன்னொரு தடவ லேட்டா வந்தா வெளியதான் நிப்ப. தெரியுதா?"

"தெரியுது சார்."

"செவ்வாய்க்கிழமை வரும்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துக்கினு வா. பேர் பதியணும்."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அழுதானா, வியர்வையா என்று தெரியவில்லை. பெரியவர் லுங்கி மடிப்பிலிருந்து மடித்து வைத்திருந்த ரூபாய் நோட்டை எடுத்து அவன் கையில் திணித்தார். "நல்ல ஸ்டுடியோவுல எடு. சட்டையை மாத்திக்கினு எடு" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா தம்பி? எங்க பேட்டைப் பசங்களுக்கு போட்டோ எடுக்கிற எடம் ரெண்டு. ஒண்ணு உனக்குத் தெரியும். இன்னொண்ணு இது."

கவனிப்பார்களா?

செயற்கைப் புல் போட்ட மைதானங்களை விலைக்கு விடவில்லை. நல்லது. ஆனால் பேர் இல்லாத இந்த மண் மைதானங்களும் வடசென்னையில் இருக்கின்றன. பெரியவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குழாய், ஒரு விளக்கு, ராத்திரி பாட்டில் உடைப்பவர்களை விரட்ட ஒரு ரோந்து. இதற்கு டெண்டர்கூட வேண்டாம்!

காலை 9 மணிக்கு மைதானம் காலியானது. கிரிக்கெட் ஆடும் சின்னப் பையன்கள் ஸ்டம்புடன் வந்துவிட்டார்கள். பெரியவர் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தார். மீதி இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் பிராக்டிஸ் மேட்ச் கீது தம்பி. வர்றியா?"

"செய்தி எதுவும் இல்லைன்னா வர்றேன் ஐயா."

"இங்க செய்தி இல்லன்னா அதுதான் நல்ல செய்தி. அஞ்சு மணிக்கு வந்துடு."

இந்தச் செய்தியில் யார் பேரும் இல்லை. தெருப் பேரும் இல்லை. இந்தத் தடவை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.